தோட்டத் தொழிலாளர்களின் மனநலம்: நிறுவனச் சலுகைகள் எங்கிருந்து தொடங்க வேண்டும்? மூணாறு காட்டும் பாடம்

மூணாறு: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், இராஜமலை அருகே உள்ள பெட்டிமுடியில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ஏற்பட்ட நிலச்சரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வசித்த 4 லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 70 பேர் உயிரிழந்தனர். 66 உடல்கள் மட்டுமே மீட்கப்பட்டன; எஞ்சிய நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. உயிரிழந்தவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்ததால், இரவில் நேர்ந்த துயரம் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகளின் தொகுப்பே லயம். அதைக் கட்டுவதும், பழுது பார்ப்பதும், யாருக்கு எந்த வீடு என்று ஒதுக்குவதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பெட்டிமுடிக்குப் பிறகு, மலைச்சரிவில் உள்ள வேறு லயங்களில் வசிப்போருக்கும் ஆடி, ஆவணி மாத மழை இரவுகள் முன்போல் இல்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி வயநாடு மாவட்டம் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் நிகழ்ந்த நிலச்சரிவு அந்த அச்சத்தை மீண்டும் கிளறியது. அங்கும் பாதிக்கப்பட்டவர்களில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன.

பணியாளர்களின் மனநலத்தைக் காக்க நிறுவனங்கள் என்ன செய்யலாம் என்ற விவாதம் நாட்டில் இப்போது பரவலாக நடைபெறுகிறது. தொலைபேசி வழி ஆலோசனை, யோகா வகுப்பு, தியானத்துக்கான செயலி, மருத்துவக் காப்பீடு என நகரத்து அலுவலகங்கள் பல சலுகைகளை அறிவிக்கின்றன. மூணாறின் தேயிலைத் தோட்டத்தில் இக்கேள்வியை எழுப்பினால் விடை சற்று வேறு விதமாக அமையும். இங்கு தொழிலாளிக்கு வீடு, மருத்துவமனை, குழந்தைக் காப்பகம் ஆகிய அனைத்தும் வேலை வழங்கும் நிறுவனத்தின் வழியாகவே கிடைக்கின்றன. உறக்கம் வராத இரவுக்கான காரணமும் பல நேரங்களில் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

1951-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பட்டியல்

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி, வீடு, தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி, பொழுதுபோக்கு வசதி ஆகியவற்றை அது நிர்வாகத்தின் கடமையாக்கியது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகமும், 150 தொழிலாளர்கள் உள்ள இடத்தில் உணவகமும் இருக்க வேண்டும். 300 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரிந்தால் நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காத்துக்கொள்ளக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை வழங்கும்படி மாநில அரசு விதி வகுக்கலாம் என்றும் அச்சட்டம் கூறியது.

இன்றைய மனிதவளத் துறையினர் இவற்றைப் 'பணியாளர் நலச் சலுகைகள்' என்று அழைப்பர். அந்தச் சொல் இந்நாட்டு அலுவலகங்களில் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, தேயிலைத் தோட்டத்தில் அவை சட்டக் கடமையாக இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் மனநலம் பற்றி அந்தப் பட்டியலில் தனியே ஏதும் இல்லை. 'மருத்துவ வசதி' என்ற சொல்லுக்குள் அது அடங்குமா என்று எவரும் கேட்கவும் இல்லை.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி மத்திய அரசு 4 தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1951-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் இணைக்கப்பட்டது. வீடு, மருத்துவம், காப்பகம் முதலிய தோட்ட வசதிகள் அதிலும் தொடர்கின்றன. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்ற ஏற்பாடும் புதிதாக வந்துள்ளது. மனநலம் நுழைவதற்கு இந்தப் பரிசோதனை ஒரு வாசல். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும்போதே, மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் 9 கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

மனநலம் குறித்த எண்கள்

உலகளவில் மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் ஆண்டுதோறும் சுமார் 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுவதாகவும், இதனால் ஏற்படும் உற்பத்தி இழப்பு 1 லட்சம் கோடி அமெரிக்க டாலர் என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்வதாகக் கண்டறிந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

சிகிச்சை கிடைக்காமைக்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். நோய் நோயாகவே அறியப்படாமல் போவது மற்றொரு காரணம். மலையில் கொழுந்து பறிக்கும் பெண் மருந்தகத்துக்குச் சென்று 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, உறக்கமில்லை என்றே சொல்வார். வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கிடைக்கும். அடுத்த மாதம் அதே குறையுடன் மீண்டும் வருவார். தோட்ட மருந்தகத்தின் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் இந்த முறையீடுகளின் உட்பொருளைப் புரிந்துகொள்ளும் பயிற்சி அளிப்பது, ஒரு நிர்வாகம் செய்யக்கூடிய மிகக் குறைந்த செலவிலான மனநல முதலீடு.

செயலியால் தீராத கவலைகள்

பணியாளர் நலத்திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்று பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பணியாளர்களின் தரவுகளை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் பிளெமிங் ஆராய்ந்தார். மன உறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, நலவாழ்வுச் செயலி போன்ற தனிநபரை மையமாகக் கொண்ட திட்டங்களில் பங்கேற்றவர்களின் மனநலம், பங்கேற்காதவர்களின் நிலையைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை என்பது 2024-ஆம் ஆண்டு வெளியான அவரது கட்டுரையின் முடிவு. தன்னார்வத் தொண்டுப் பணி மட்டும் ஓரளவு விதிவிலக்காக அமைந்தது. வேலையின் அமைப்பை மாற்றாமல் தொழிலாளியை மட்டும் திடப்படுத்த முயல்வதால் பெரும்பயன் இல்லை என்ற கருத்துக்கு இந்த ஆய்வு வலுச் சேர்த்துள்ளது.

இது அலுவலகங்களை மையமாகக் கொண்ட பிரிட்டன் ஆய்வு. மலைத்தோட்டத்துக்கு அப்படியே பொருந்திவிடாது என்று வாதிடலாம். எனினும் மூணாறின் அண்மை வரலாறும் ஏறக்குறைய அதையே சொல்கிறது.

2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறு நகரச் சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் அமர்ந்தனர். முந்தைய ஆண்டில் 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். அப்போது நாட்கூலி 232 ரூபாய். அதை 500 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்றும் அவர்கள் கோரினர். தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பெண்களே முன்னின்று நடத்திய இப்போராட்டம் 'பெண்பிளை ஒருமை' என்ற பெயரில் நாடறிந்தது. 9 நாட்களுக்குப் பிறகு, 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத் தொகையுமாக மொத்தம் 20 சதவீதம் வழங்க உடன்பாடு ஏற்பட்டது. கூலி பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது.

இதைக் கூலிப் போராட்டமாக மட்டும் எழுதிச் செல்வது வழக்கம். மனநலக் கோணத்தில் பார்த்தாலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டக் குடும்பத்தில் போனஸ் என்பது கைக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிட்ட பணம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி, கடன் தவணை ஆகிய அனைத்தும் அந்தத் தொகையை நம்பித் தவணை சொல்லப்பட்டிருக்கும். கலந்து பேசாமல் அது பாதியாகும்போது குறைவது பணம் மட்டுமன்று. கொடுத்த வாக்கும் பொய்த்துப்போகிறது. எப்போது எவ்வளவு வரும் என்ற தெளிவும், அது மாறுமானால் முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் நேர்மையும், வட்டியில்லா அவசர முன்பணமும் இத்தகைய குடும்பங்களுக்கு எந்த ஆலோசனைத் திட்டத்துக்கும் குறையாத மனநலப் பாதுகாப்பு. வேலை குறித்த முடிவுகளில் தொழிலாளர்களும் பங்கேற்க வேண்டும் என்பதை, பணியிட மனநலம் பற்றி 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலும் வலியுறுத்துகிறது.

டாடா டீ நிறுவனம் 2005-ஆம் ஆண்டு இத்தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியபோது உருவான கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனத்தில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். பத்தாண்டுகள் கழித்துச் சாலையில் அமர்ந்தவர்களில் அவர்களும் இருந்தனர். பங்குப் பத்திரம் கையில் இருப்பதும், சொல்வதைக் கேட்க ஓர் ஆள் இருப்பதும் வெவ்வேறு என்பதை அந்த 9 நாட்கள் காட்டின.

அடுத்த கவலை, வீடு. பணியில் இருக்கும்வரை லயம் உண்டு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மூன்று, நான்கு தலைமுறைகளாக மலையில் வாழ்ந்த குடும்பத்துக்குச் சமவெளியில் நிலமோ வீடோ இருப்பது அரிது. இதனால் மகனோ மகளோ விருப்பமின்றித் தோட்டப் பணியில் சேர்ந்து வீட்டைத் தக்கவைக்கும் நிலை உருவாகிறது. படித்து வேறு வேலைக்குச் செல்ல நினைக்கும் இளைஞரின் மனச்சுமையும், அவரைத் தடுக்க நேரும் பெற்றோரின் குற்றவுணர்வும் எந்த மருத்துவப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பணிக்காலத்திலேயே வீட்டுக்கான சேமிப்புத் திட்டம், அரசின் வீட்டுமனைத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க உதவி, ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கும் வழிகாட்டல், பணிக்கொடையைக் காலதாமதமின்றி வழங்குதல் ஆகியவை இங்கு மனநலச் சலுகையாகவே கருதப்பட வேண்டியவை. பெட்டிமுடியில் உயிர்தப்பிய குடும்பங்களில் எட்டுக்கு, அரசு ஒதுக்கிய நிலத்தில் குட்டியார்வாலியில் தோட்ட நிறுவனம் வீடு கட்டித் தந்தது. தனிமனையில் தனிவீடு என்பது இங்கு நடைமுறைக்கு உகந்ததே என்பதற்கு அது சான்று. அதற்கு 70 உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

வேலையே போய்விட்டால் என்ன ஆகும் என்பதை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு பகுதியில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியுடன் மருந்தகம், காப்பகம், வீட்டுப் பராமரிப்பு ஆகிய அனைத்தும் ஒருசேர நின்றன. ஒழுகும் லயங்களில் நிலுவைத் தொகைக்காகக் காத்திருந்த குடும்பங்களின் நிலை பல ஆண்டுகள் செய்தியானது. எல்லாச் சலுகைகளும் ஒரே ஆணியில் தொங்கும் அமைப்பின் பலவீனம் இது.

காட்டு விலங்குகள் பற்றியும் குறிப்பிட வேண்டும். 'படையப்பா' என்ற கொம்பன் யானை குடியிருப்புப் பகுதிகளில் உலவும் காட்சி சமூக வலைதளங்களில் பார்ப்போருக்கு விந்தை. விடியற்காலையில் தனியே வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு அது விந்தையன்று. தோட்டங்களில் புலி மாடுகளைக் கொல்வதும் தொடர்கிறது. பால் விற்று வரும் வருமானமும் அத்துடன் போகிறது. தெருவிளக்கு, வேலைத்தளம்வரை வாகனம், யானை நடமாட்டத்தைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி, பனிமூட்ட நாட்களில் வேலை நேர மாற்றம் ஆகியவற்றுக்குப் பெரும் செலவில்லை.

சிகிச்சை என்னும் உரிமை

கவலையின் ஊற்றுகளை அடைத்தாலும் நோய் வராமல் இருக்காது. அப்போது சிகிச்சை எளிதில் கிடைக்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு வழங்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் எனக் காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் எல்லாத் திட்டங்களும் இதற்கு இணங்க வேண்டும் எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் உத்தரவிட்டது. ஆகவே, ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு எடுக்கும் எந்த நிறுவனமும் மனநலத்தைத் 'தனிச் சலுகை' எனப் பெருமைப்படுத்திக்கொள்ள இடமில்லை. அது சட்டம் தந்த உரிமை.

நடைமுறையில் ஓர் இடைவெளி உண்டு. பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கும்போதுதான் செலவை ஏற்கின்றன. மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களில் மிகப் பலருக்குத் தேவைப்படுவதோ புறநோயாளிச் சிகிச்சையும் மாதக்கணக்கில் மருந்தும்தான். மூணாறு தோட்டத் தொழிலாளி ஒருவர் மனநல மருத்துவரைக் காண அடிமாலிக்கோ கோட்டயத்துக்கோ செல்ல வேண்டும்; அல்லது போடி வழியாக மலையிறங்கித் தேனிக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். துணைக்கு ஒருவர் சென்றால் இழப்பு இரட்டிப்பு. இரண்டாவது மாதத்திலேயே சிகிச்சை நின்றுபோவதில் வியப்பில்லை.

ஆகவே தோட்டத்தில் பயன்தரும் ஏற்பாடு இவ்வாறு அமையலாம்: மாதம் இருமுறை மனநல மருத்துவர் தோட்ட மருத்துவமனைக்கே வருவது, அவர் எழுதித்தரும் மருந்து டிவிஷன் மருந்தகத்திலேயே தடையின்றிக் கிடைப்பது, வெளியூர் செல்ல நேர்ந்தால் அந்த நாளுக்குக் கூலியுடன் விடுப்பு வழங்குவது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் கிடைக்கும் நோய்க்கால உதவித்தொகை மனநோய்க்கும் தயக்கமின்றிக் கிடைப்பது.

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ திட்டத்தை இதற்கு ஒப்பிடலாம். சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாட்கள்வரை 70 சதவீத ஊதியம் வழங்கும் அத்திட்டம், 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத ஊதியத்தை இரண்டு ஆண்டுகள்வரை வழங்குகிறது. அந்த 34 நோய்களின் பட்டியலில் தீவிர மனநோயும் இடம்பெற்றுள்ளது. தோட்டங்கள் நெடுங்காலம் இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே இருந்தன. தோட்ட நிர்வாகங்கள் விரும்பினால் இனி அதில் சேரலாம் எனச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வழிவிடுகிறது. எனினும் அருகில் இஎஸ்ஐ மருத்துவமனை இல்லாத மலைப்பகுதியில், இருக்கும் தோட்ட மருந்தகத்தை இழந்து தொலைவிலுள்ள அட்டையைப் பெறுவது நல்ல பண்டமாற்றாக இராது. ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பெற வேண்டும் என்ற நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொழியும் முக்கியம். மூணாறு தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோரின் தாய்மொழி தமிழ். அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்துள்ளனர். எலும்பு முறிவுக்கு மலையாளத்திலோ சைகையிலோ மருத்துவம் பார்த்துவிடலாம். இழந்த பிள்ளையைப் பற்றிப் பேச அவரவர் மொழி வேண்டும். மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். கேரள அரசின் 'திசா' உதவி எண் 1056. இந்த எண்களைக் கொழுந்து எடைபோடும் இடத்திலும், மருந்தகச் சுவரிலும், கூலிச் சீட்டின் பின்புறத்திலும் தமிழில் அச்சிடுவதற்கு நிர்வாகத்துக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கைப்பேசி அலைவரிசை எட்டாத டிவிஷன்களில் மருந்தகத்தின் தனியறையில் ஒரு தொலைபேசி இணைப்பு இருந்தால் போதும்.

இங்கு பாதுகாப்பு நடவடிக்கை ஒன்றையும் சேர்க்க வேண்டும். தோட்டங்களில் பூச்சிக்கொல்லி அன்றாடம் புழங்கும் பொருள். மிக அபாயகரமான பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் 1995-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மருந்துக் கிடங்கைப் பூட்டிவைத்துக் கணக்குடன் பராமரிப்பதும், அபாயம் குறைந்த மருந்துக்கு மாறுவதும் தோட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளவை. மனநலத் திட்ட அறிக்கைகளில் இது இடம்பெறுவது அரிது. உயிர் காப்பதிலோ இது முன்வரிசையில் நிற்கிறது.

யாருக்குத் தெரியவரும்?

லயத்தில் சுவர் ஒன்று. அதன் இருபுறமும் இரு குடும்பங்கள். யார் எப்போது மருந்தகம் சென்றார் என்பது மாலைக்குள் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். மனநல மருத்துவர் வரும் நாள் என்று தனியே ஒரு நாளை அறிவித்தால், அன்று வரிசையில் நிற்க எவரும் துணியமாட்டார். பொது மருத்துவருடன் அதே நாளில், அதே வரிசையில், அடுத்த அறையில் மனநல மருத்துவரும் இருப்பது எளிய தீர்வு.

நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இதைவிடப் பெரிது. மருத்துவரும் செவிலியரும் நல அலுவலரும் நிறுவனத்தின் ஊழியர்களாக இருக்கும் இடத்தில் இந்த அச்சம் நியாயமானதே. நோயாளியின் தகவல்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கும் கடமை. ஜப்பான் இதை இன்னும் தெளிவாக வகுத்துள்ளது. அங்கு 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் ஆண்டுதோறும் மன அழுத்தப் பரிசோதனை நடத்துவது 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் கட்டாயம். முடிவு நேரடியாகத் தொழிலாளியிடமே தரப்படும். அவர் சம்மதமின்றி அது நிர்வாகத்துக்குச் செல்லாது. குழுவாகத் தொகுத்த தரவை மட்டும் நிறுவனம் பெற்று, எந்தப் பிரிவில் வேலைச்சுமை மிகுதி என்பதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மேற்பார்வையாளருக்கும் இதில் பங்குண்டு. ஒருவர் பறிக்கும் கொழுந்தின் எடை சில வாரங்களாகத் தொடர்ந்து குறைவது, உடலிலோ மனதிலோ ஏதோ சரியில்லை என்பதற்கான முதல் தடயமாக இருக்கலாம். அதற்கு ஏச்சு கிடைக்கிறதா, தனியே அழைத்து ஒரு விசாரிப்பு கிடைக்கிறதா என்பது மேற்பார்வையாளரின் பயிற்சியைப் பொறுத்தது. அத்தகைய பயிற்சியை உலக சுகாதார அமைப்பும் பரிந்துரைக்கிறது. நோயைக் கண்டறிவது அவர் வேலையன்று. விசாரிப்பதும், மருந்தகம் செல்ல அரைநாள் அனுமதிப்பதும் அவர் வேலை.

மூணாறிலேயே ஒரு முன்மாதிரி

நிறுவனச் சலுகை ஒரு குடும்பத்தின் மனச்சுமையை எவ்வாறு இறக்கிவைக்கும் என்பதற்கு மூணாறிலேயே 30 ஆண்டுகளுக்கும் மேலான எடுத்துக்காட்டு உள்ளது. தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்காக டாடா டீ நிறுவனத்தின் ஆதரவுடன் 1991-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'சிருஷ்டி' அமைப்பில், சிறப்புப் பள்ளியுடன் இயற்கைச் சாயம் தோய்க்கும் 'ஆரண்யா', கையால் காகிதம் தயாரிக்கும் 'அதுல்யா' முதலிய பிரிவுகள் உள்ளன. மாற்றுத்திறனாளி இளைஞர்கள் இங்கு பயிற்சி பெற்று ஊதியத்துடன் பணிபுரிகின்றனர்.

இதை மனநலத் திட்டம் என்று எவரும் அழைப்பதில்லை. ஆனால் நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பூட்டிய வீட்டில் விட்டுச் செல்வதா, வேலையை விடுவதா என்ற கேள்வி எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சலுகையின் மதிப்பு விளங்கும். பிள்ளை பகலில் எங்கே இருக்கிறது என்ற கவலையுடன், தன் காலத்துக்குப் பிறகு அதற்கு யார் துணை என்ற கவலையையும் ஓரளவு குறைக்கிறது இது.

சிறு தோட்டங்களுக்கு இவையெல்லாம் இயலுமா என்ற கேள்வி எழும். பாலக்காடு மாவட்டம் நெல்லியாம்பதி போன்ற இடங்களில் உள்ள தோட்டங்கள் மூணாறு நிறுவனங்களின் அளவுக்கு வசதி படைத்தவை அல்ல. தனி மருத்துவமனையும் மனநல மருத்துவரும் அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டவை. பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு மருத்துவமனையை நடத்தும் முறை தோட்டத் துறைக்குப் புதிதன்று. அதே முறையில் ஓர் ஆலோசகரைப் பல தோட்டங்கள் பகிர்ந்துகொள்ளலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு மலைக்கு வருவதற்கு வாகனமும் அறையும் ஏற்பாடு செய்துதரலாம்.

குடை, கம்பளி, மழைக்கோட்டு எனத் தொழிலாளிக்கு வழங்க வேண்டிய பொருட்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்த சட்ட மரபு தோட்டத் துறையினுடையது. தோட்டங்களில் தர வேண்டிய வசதிகளை விதிகள் மூலம் வரையறுக்கும் அதிகாரம் புதிய தொகுப்புச் சட்டத்திலும் அரசுகளுக்கு உண்டு. 'மருத்துவ வசதி' என்ற சொல்லை அடுத்து 'மனநலச் சிகிச்சை உட்பட' என்று மூன்று சொற்களைச் சேர்ப்பதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கான கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் கேட்டாலும், நிர்வாகங்கள் தாமாகவே முன்வந்தாலும், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.